கேள்வி – பதில்: குப்ரேட் மீக்கடத்திக்குள் காந்தப்புலம் எவ்வளவு ஆழம் செல்கிறது?

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் மீக்கடத்திகளில் உயர் வெப்பநிலை வகையின், குறிப்பாகத் தாமிர ஆக்சைடுகளான குப்ரேட்டுகளின், காந்த ஊடுருவல் ஆழத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஒன்றின் விடை மற்றொன்றுக்கு உதவும் என்பதால் ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். வழக்கப்படி இந்த அளவை 'லாம்டா' என்ற கிரேக்க எழுத்தின் பெயராலேயே சில இடங்களில் குறிப்பிடுவோம்.

கேள்வி (முதுகலை இயற்பியல் மாணவி ஒருவர்): மீக்கடத்தி காந்தப்புலத்தை முற்றிலும் வெளியே தள்ளிவிடும் என்று படித்திருக்கிறோம். ஆனால் அதே பாடநூலின் அட்டவணையில் ஈயத்துக்கு 37 நானோமீட்டர், நியோபியத்துக்கு 39 நானோமீட்டர் என்று ஊடுருவல் ஆழம் தரப்பட்டுள்ளது. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுக்கு 150 நானோமீட்டர் என்று வேறோரிடத்தில் பார்த்தேன். முற்றிலும் தள்ளுகிறது என்றால் ஊடுருவல் எங்கிருந்து வந்தது? 93 கெல்வின் வரை மீக்கடத்தும் ஒரு பொருள், 7 கெல்வினிலேயே அந்தப் பண்பை இழந்துவிடும் ஈயத்தைவிட அதிக ஆழத்துக்குப் புலத்தை உள்ளே விடுவது முரண்பாடாக இல்லையா?

பதில்: 'ஊடுருவல் ஆழம்' என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். ஏதோ ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டு, புலம் திருட்டுத்தனமாக உள்ளே நுழைவதுபோல அந்தப் பெயர் ஒலிக்கிறது. உண்மையில் மீக்கடத்தி தன் புறப்பரப்பில் ஒரு மின்னோட்டத்தை ஓடவிட்டு, அந்த மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கொண்டுதான் வெளிப்புலத்தை உட்பகுதியில் ஈடுகட்டுகிறது. தடிமனே இல்லாத ஒரு பரப்பில் எந்த மின்னோட்டமும் ஓட முடியாது; அது ஓடுவதற்கு ஓர் அடுக்கு வேண்டும். அந்த அடுக்கின் தடிமனைத்தான் ஊடுருவல் ஆழம் என்கிறோம். அடுக்குக்குள் புலம் படிப்படியாகக் குறைகிறது, அதைத் தாண்டியபின் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே பாடநூலின் இரண்டு கூற்றுகளும் சரியே. முதலாவது கூற்று, பொருளின் பருமனோடு ஒப்பிடும்போது இந்த அடுக்கு மிக மெல்லியது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

வால்டர் மைஸ்னரும் ராபர்ட் ஓக்சென்ஃபெல்டும் புலம் வெளியே தள்ளப்படுவதைக் கண்டறிந்தது 1933இல். இரண்டே ஆண்டுகளில், 1935இல், ஃபிரிட்ஸ் லண்டன், ஹைன்ஸ் லண்டன் என்ற சகோதரர்கள் அதற்கான சமன்பாடுகளை எழுதிவிட்டார்கள். புறப்பரப்பிலிருந்து ஒரு லாம்டா தொலைவு உள்ளே சென்றால் புலம் 37 விழுக்காடாகக் குறையும், இரண்டு லாம்டா சென்றால் 13.5 விழுக்காடு, ஐந்து லாம்டா சென்றால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும் என்பது அச்சமன்பாடுகளின் நேரடி விளைவு. குப்ரேட்டுக்கு 150 நானோமீட்டர் என்று கொண்டால், 750 நானோமீட்டர் ஆழத்திலேயே புலம் ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் கையாளும் ஒரு மில்லிமீட்டர் அகலப் படிகத்துக்கு அது ஒரு பொருட்டே அன்று.

இனி, உங்கள் இரண்டாவது கேள்வி. லண்டன் சகோதரர்களின் சூத்திரப்படி, லாம்டாவின் வர்க்கம், தடையின்றி ஓடும் மீமின்னோட்டத்தில் பங்குபெறும் மின்னேற்றிகளின் (மின்னேற்றம் சுமக்கும் துகள்களின்) நிறைக்கு நேர்விகிதத்திலும் அவற்றின் அடர்த்திக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். இதில் மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தல் நின்றுபோகும் வெப்பநிலை, எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மீக்கடத்தலைத் தரும் எலக்ட்ரான் இணைகள் (கூப்பர் இணைகள்) எந்த வெப்பநிலைவரை பிரியாமல் தாங்கும் என்பது ஒரு கேள்வி. ஓடுவதற்கு எத்தனை மின்னேற்றிகள் இருக்கின்றன, அவை எவ்வளவு கனமானவை என்பது வேறொரு கேள்வி. ஊடுருவல் ஆழம் இரண்டாவதற்கு மட்டுமே விடை சொல்கிறது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 150 நானோமீட்டரை அந்தச் சூத்திரத்தில் இட்டு, நிறைக்குக் கட்டற்ற எலக்ட்ரானின் நிறையையே எடுத்துக்கொண்டால், ஒரு கன நானோமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 மின்னேற்றிகள் என்று விடை வருகிறது. ஈயத்தின் 37 நானோமீட்டரை இட்டால் இதைப்போல் 16 மடங்கு வரும். இட்ரியம் குப்ரேட்டின் ஓர் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கட்டம்) 0.38, 0.39, 1.17 நானோமீட்டர் பக்கங்களைக் கொண்டது, அதாவது அதன் பருமன் 0.17 கன நானோமீட்டர். ஆக, ஒரு கூட்டுக்கு வெறும் 0.2 மின்னேற்றிதான். ஒரு கூட்டில் இரண்டு தாமிர–ஆக்சிஜன் தளங்கள் இருப்பதால், தளத்திலுள்ள ஒரு தாமிர அணுவுக்கு 0.1 என்ற அளவுதான் விழுகிறது. மின்னேற்றிகளின் பயனுறு நிறை எலக்ட்ரான் நிறையைப்போல் இரண்டு மூன்று மடங்காக இருந்தால் இந்த எண்ணும் அதே அளவுக்கு உயரும். லாம்டாவிலிருந்து கிடைப்பது அடர்த்திக்கும் நிறைக்குமுள்ள விகிதம் மட்டுமே, இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்ட அதனால் ஆகாது. எப்படிப் பார்த்தாலும், குப்ரேட்டுகளில் மீப்பாய்மம், அதாவது தடையின்றி ஓடும் மின்னேற்றிகளின் தொகுதி, ஈயத்தில் உள்ளதைவிட மிகவும் நீர்த்தது என்ற முடிவு மாறாது. இந்தப் பொருள்களின் தாய்ச்சேர்மம் ஒரு மின்கடத்தாப் பொருள் என்பதையும், அதில் ஆக்சிஜனையோ ஸ்ட்ரான்ஷியத்தையோ சேர்த்துச் சிறிதளவு துளைகளை (எலக்ட்ரான் நீங்கிய காலியிடங்களை) புகுத்திய பிறகே அது கடத்தத் தொடங்குகிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால், இது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இதனோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்போர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். குப்ரேட்டுக்கு ஓர் ஊடுருவல் ஆழம் இல்லை, மூன்று உண்டு. தளங்களுக்குள் ஏ, பி என்ற இரு திசைகளுக்கும், தளங்களுக்குச் செங்குத்தான சி திசைக்கும் தனித்தனி மதிப்புகள் இருக்கின்றன. 'லாம்டா–சி' என்றவுடன் சி திசையில் புலம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எடுத்துக்கொள்வது இயல்பு, ஆனால் அது தவறு. குறியீடு சுட்டுவது மின்னோட்டம் ஓடும் திசையை, புலம் நுழையும் திசையை அன்று. தட்டையான ஒரு படிகத்தை மேசைமேல் வைத்து, தளங்களுக்கு இணையாக ஒரு புலத்தைச் செலுத்துவதாகக் கொள்ளுங்கள். மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் மின்னோட்டம் தளத்தின் வழியே எளிதாக ஓடுகிறது. எனவே மேலிருந்து கீழாக, அதாவது சி திசையில், புலம் 150 நானோமீட்டர்தான் இறங்குகிறது. பக்கவாட்டு விளிம்புகளிலோ அதே மின்னோட்டம் ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குத் தாவியாக வேண்டும், அது கடினம்; எனவே விளிம்பிலிருந்து உள்நோக்கிப் புலம் லாம்டா–சி அளவுக்குச் செல்கிறது. இட்ரியம் குப்ரேட்டில் அது ஒரு மைக்ரோமீட்டர் என்ற அளவில் இருக்கும். பிஸ்மத் குப்ரேட்டில் ஏறக்குறைய 100 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்.

இந்த லாம்டா–சி ஒரு முழுக் கோட்பாட்டையே கவிழ்த்த கதையும் உண்டு. குப்ரேட்டுகளின் உயர்ந்த மாறுநிலை வெப்பநிலைக்குக் காரணம், இணைகள் தளம் விட்டுத் தளம் தாவும்போது கிடைக்கும் ஆற்றல் ஆதாயமே என்று ஃபிலிப் ஆண்டர்சன் ஒரு காலத்தில் வாதிட்டார். அது சரியானால், தாலியம் குப்ரேட் ஒன்றில் லாம்டா–சி ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 1998இல் கேத்ரின் மோலரும் அவருடன் பணியாற்றியவர்களும் மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் ஸ்குவிட் நுண்ணோக்கியால் தளங்களுக்கிடையே சிக்கிய காந்தச் சுழிகளை நேரடியாகப் படம்பிடித்து, லாம்டா–சி நிர்ணயிக்கும் அவற்றின் நீளத்தை அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 20 மைக்ரோமீட்டர். இவ்வளவு பெரிய இடைவெளியை எந்தத் திருத்தத்தாலும் அடைக்க முடியவில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர் ஒருவர்): வெப்பநிலை ஏற ஏற ஊடுருவல் ஆழம் எவ்வளவு கூடுகிறது என்று வரைந்த படத்தில் ஒரு நேர்கோடு கிடைத்தால், அது 'டி–அலை' மீக்கடத்தலுக்குச் சான்று என்கிறார்கள். ஒரு நேர்கோட்டிலிருந்து அவ்வளவு பெரிய முடிவுக்கு எப்படி வர முடிகிறது?

பதில்: அந்த நேர்கோடு இருக்கும் இடம்தான் முக்கியம். மாறுநிலை வெப்பநிலைக்கு அருகில் எல்லா மீக்கடத்திகளிலும் லாம்டா வேகமாகப் பெருகும்; அதிலிருந்து பெரிதாக எதுவும் அறிய முடியாது. கேள்விக்குரிய பகுதி அடித்தட்டு, அதாவது மாறுநிலை வெப்பநிலையின் கால் பங்குக்கும் கீழே உள்ள பகுதி.

ஈயம், நியோபியம் போன்ற வழக்கமான மீக்கடத்திகளில், ஒரு கூப்பர் இணையை உடைக்க எந்தத் திசையிலும் ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. இதையே ஆற்றல் இடைவெளி என்கிறோம். வெப்ப ஆற்றல் இந்த இடைவெளியைவிட மிகக் குறைவாக இருக்கும்போது இணைகள் உடைவது அரிதிலும் அரிது. உடையும் எண்ணிக்கை அடுக்குக்குறிச் சார்பாக மடிந்துவிடும். ஆகவே குளிரின் ஆழத்தில் லாம்டா அசையாமல் நிற்க வேண்டும். குப்ரேட்டும் இதே இனம்தான் என்று ஒரு கணம் வைத்துக்கொள்வோம். மாறுநிலை வெப்பநிலை 93 கெல்வின் என்றால், 1957இன் பார்டீன்–கூப்பர்–ஷ்ரீஃபர் கோட்பாட்டின்படி இடைவெளி 164 கெல்வினுக்குச் சமமான ஆற்றல். 10 கெல்வினில், லாம்டா தன் முழுமையில் கோடியில் நான்கு பங்கு அளவுகூட மாறாது என்று கணக்கு சொல்கிறது. நீளத்தில் சொன்னால், ஒரு நானோமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தக் கருவிக்கும் அது எட்டாது.

வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹார்டி, டக்ளஸ் பான் குழுவினர் 1993இல் அளந்து வெளியிட்ட மதிப்பு, ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 0.4 நானோமீட்டர். அதாவது 10 கெல்வினுக்குள் 4 நானோமீட்டர். ஏறக்குறைய 3 கெல்வினிலிருந்து 25 கெல்வின்வரை அது நேர்கோடாகவே சென்றது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே பத்தாயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு இருக்கும்போது, பிழைவரம்பைப் பற்றிப் பேச இடமே இல்லை.

நேர்கோடு ஏன் என்பதற்கு வருவோம். டி–அலை வடிவத்தில் ஆற்றல் இடைவெளி திசைக்குத் திசை மாறுகிறது. தாமிர–ஆக்சிஜன் பிணைப்புகளின் வழியே அது உச்சத்தில் இருக்கிறது. அவற்றுக்கு 45 பாகையில், மூலைவிட்டத் திசைகளில், சுழியாகிவிடுகிறது. அந்தச் சுழித்திசைகளைக் கணுக்கள் என்போம். தளத்தில் அவை நான்கு. கணுவுக்குப் பக்கத்தில் இணையை உடைக்க ஆற்றலே வேண்டியதில்லை என்பதால், எவ்வளவு குளிர்வித்தாலும் சில இணைகள் உடைந்தே தீரும். கணுவை ஒட்டிய நிலைகளின் அடர்த்தி ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், உடைந்த துகள்கள் மீமின்னோட்டத்திலிருந்து பறித்துக்கொள்ளும் பங்கும் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. நேர்கோட்டின் பிறப்பு அங்கேதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அந்தக் கோட்டின் சாய்விலிருந்தே இடைவெளியின் உச்ச அளவைப் பெற முடிவதுதான். தூய டி–அலைக்கு, லாம்டாவின் ஒப்புமை மாற்றம் 0.69ஐ வெப்பநிலையால் பெருக்கி, இடைவெளியின் உச்சத்தால் வகுத்ததற்குச் சமம். 150 நானோமீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 0.43 நானோமீட்டர் என்று இட்டுப் பாருங்கள். இடைவெளி 240 கெல்வின் அளவில், அதாவது 21 மில்லி எலக்ட்ரான்வோல்ட் என்று வரும். மாறுநிலை வெப்பநிலையைப்போல் இரண்டரை மடங்கு. காந்தப்புலம் மேற்பரப்பில் எத்தனை நானோமீட்டர் நகர்கிறது என்று மட்டும் அளந்து, எலக்ட்ரான்களின் ஆற்றல் கட்டமைப்பைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிவது சிறிய காரியம் அன்று.

ஆனால் 1993க்கு முன்பும் பலர் அளந்திருந்தார்கள், அவர்களுக்கு ஏன் இந்த நேர்கோடு கிடைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் பெரும்பாலும் மென்படலங்களையும் அவ்வளவு தூய்மையற்ற படிகங்களையும் அளந்தார்கள். கிடைத்தது வெப்பநிலையின் வர்க்கத்தைத் தொடரும் ஒரு வளைகோடு. டி–அலை மீக்கடத்தியில் மாசு அணுக்கள் கணுக்களின் கூர்மையை மழுங்கச் செய்து, நேர்கோட்டை வர்க்கக் கோடாக மாற்றிவிடும் என்று பீட்டர் ஹிர்ஷ்ஃபெல்ட், நைஜல் கோல்டன்ஃபெல்ட் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். வான்கூவர் குழு அதையும் விட்டுவைக்கவில்லை. நல்ல படிகத்தில் வேண்டுமென்றே 0.3 விழுக்காடு அளவுக்குத் துத்தநாகத்தைச் சேர்த்து அளந்தார்கள்: மாறுநிலை வெப்பநிலை சில கெல்வின் மட்டுமே குறைந்தது, ஆனால் நேர்கோடு மறைந்து வர்க்கக் கோடு வந்துவிட்டது. என் பார்வையில் நேர்கோட்டைவிட இந்தச் சோதனையே வலுவான சான்று. ஒரு பொருளைக் கெடுத்துப் பார்த்து, அது எந்த விதத்தில் கெடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்களோ அதே விதத்தில் கெட்டது என்று காட்டுவது அறிவியலில் அடிக்கடி வாய்ப்பதில்லை. இந்தக் கதையில் படிகம் வளர்த்தவர்களின் பங்கு பெரிது. உருகிய கலவை தன்னைத் தாங்கும் மூசையையே அரித்துத் தின்று, அதன் அணுக்களைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் என்பதால், எந்தப் பொருளால் மூசை செய்வது என்ற கேள்வியே பல ஆண்டு உழைப்பை விழுங்கியது. பின்னாளில் பேரியம் சிர்க்கோனேட் மூசைகள் வந்தபிறகு படிகங்கள் மேலும் தூய்மையாயின.

உங்கள் கேள்வியில் ஒரு திருத்தமும் தேவை. நேர்கோடு சொல்வது கணுக்கள் இருக்கின்றன என்பதை மட்டுமே. கணுவின் ஒரு பக்கத்தில் நேர்க்குறியும் மறுபக்கத்தில் எதிர்க்குறியும் கொண்டதா இணையின் அலைச்சார்பு என்பதை லாம்டா அறியாது, ஏனென்றால் அது இடைவெளியின் அளவை மட்டுமே உணர்கிறது. குறி மாறுகிறது என்பதைக் காட்ட வேறு வகைச் சோதனை தேவைப்பட்டது. 1993இல் டேல் வான் ஹார்லிங்கன் குழுவினர் ஈயத்தையும் இட்ரியம் குப்ரேட்டையும் இணைத்த ஸ்குவிட் வளையத்தாலும், 1994இல் சாங் சுவே, ஜான் கர்ட்லி ஆகியோர் மூன்று படிகங்கள் சந்திக்கும் புள்ளியில் தானாகத் தோன்றும் அரைப் பாயக் குவாண்டத்தை (காந்தப் பாயத்தின் மிகச்சிறு அலகில் பாதியை) கண்டும் அதை நிலைநாட்டினார்கள். ஆகவே 'டி–அலைக்குச் சான்று' என்பதைவிட 'கணுக்களுக்குச் சான்று, டி–அலையோடு பொருந்துகிறது' என்று உங்கள் ஆய்வேட்டில் எழுதுவது நல்லது. தேர்வாளர் அந்த இடத்தில்தான் கேள்வி கேட்பார்.

கேள்வி (மின்னணுப் பொறியாளர் ஒருவர்): ஒரு நானோமீட்டரின் பத்திலொரு பங்கை எப்படி அளக்கிறார்கள்? அவ்வளவு நுட்பமாக அளக்க முடிகிறது என்றால், ஒரே பொருளுக்கு 100, 126, 146, 160 என்று ஆளுக்கொரு மதிப்பைத் தருவது ஏன்?

பதில்: கேள்வியின் இரு பகுதிகளும் வெவ்வேறு அளவீடுகளைப் பற்றியவை என்பதில்தான் விடை இருக்கிறது. மாற்றத்தை அளப்பது எளிது; முழு மதிப்பை அளப்பது மிகக் கடினம்.

மாற்றத்தை அளக்கும் முறை உங்களுக்குப் பழக்கமானதே. ஒரு சுருளும் மின்தேக்கியும் கொண்ட அலையியற்றி, சுருளுக்குள் படிகம், அவ்வளவுதான். படிகம் புலத்தை வெளியேற்றுவதால் சுருளின் தன்தூண்டல் குறைகிறது. லாம்டா கூடினால் வெளியேற்றப்படும் பருமன் இம்மியளவு குறைந்து, அதிர்வெண் இம்மியளவு நகர்கிறது. சுரங்க டையோடால் இயங்கும் அலையியற்றியை 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிலையான வெப்பநிலையில் வைத்தால், நூறு கோடியில் ஒரு பங்கு நகர்வைக்கூடக் காணலாம். வான்கூவரில் 1 கிகாஹெர்ட்ஸ் அளவிலான ஒத்ததிர்வியைப் பயன்படுத்தினார்கள், தத்துவம் ஒன்றே.

முழு மதிப்புக்கு இந்த முறை கைகொடுக்காது. படிகம் இருக்கும்போதும் இல்லாதபோதும் அதிர்வெண்ணைக் கண்டு கழிக்கலாமே என்றால், அதற்குப் படிகத்தின் பரிமாணங்கள் சில நானோமீட்டர் துல்லியத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் படிகத்தை யாராலும் அப்படி அளக்க முடியாது. இதற்கு ஒரு தந்திரத்தை ருஸ்லான் புரோசொரோவ் முதலியோர் 2000இல் கையாண்டார்கள்: படிகத்தின்மேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுக்கு அலுமினியத்தைப் பூசிவிடுவது. 1.2 கெல்வினுக்குக் கீழே அலுமினியமும் மீக்கடத்தியாகிப் புலத்தைத் தானே பெருமளவு தடுத்துவிடும். அதற்கு மேலே அது சாதாரண உலோகமாகி, அந்த அதிர்வெண்ணில் புலத்தைத் தடையின்றி விட்டுவிடும். அலுமினியத்தின் தடிமனும் அதன் ஊடுருவல் ஆழமும் தெரிந்தவை. எனவே அந்த ஒரே வெப்பநிலையில் அதிர்வெண் தாவும் தாவலிலிருந்து, கீழேயுள்ள குப்ரேட்டின் முழு லாம்டாவும் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு வழி, மியூவான்கள் என்ற குறுகிய ஆயுள் கொண்ட அடிப்படைத் துகள்கள். தற்சுழற்சிகள் எல்லாம் ஒரே திசையில் அமைந்த மியூவான்களைப் பொருளுக்குள் புதைக்கிறார்கள். ஒவ்வொன்றும் தான் நிற்கும் இடத்தின் காந்தப்புலத்துக்கேற்பச் சுழன்று, சராசரியாக 2.2 மைக்ரோநொடியில் சிதைந்து, அந்த நேரத்துத் தற்சுழற்சித் திசையை நோக்கியே பெரும்பாலும் பாசிட்ரானை (எலக்ட்ரானின் எதிர்த்துகளை) வீசுகிறது. பல லட்சம் பாசிட்ரான்களை எண்ணினால் உள்ளே புலம் எப்படிப் பரவியிருக்கிறது என்ற படம் கிடைக்கும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வகத்தில் மியூவான்களின் வேகத்தை மட்டுப்படுத்தி, 10 நானோமீட்டரிலிருந்து 200 நானோமீட்டர்வரை விரும்பிய ஆழத்தில் நிறுத்துகிறார்கள். ஒவ்வோர் ஆழத்திலும் புலத்தைக் கண்டு வரைந்தால், லண்டன் சகோதரர்கள் காகிதத்தில் எழுதிய தேய்வுகோடு கண்ணெதிரே வந்து நிற்கிறது. 2000இல் ஒரு மென்படலத்தில் இவ்வாறு கிடைத்தது 146 நானோமீட்டர். 2010இல் மிகத் தூய படிகங்களில் கிடைத்தது ஏ திசைக்கு 126, பி திசைக்கு 105. அதற்கு முன் 1995இல் அகச்சிவப்பு அளவீடு தந்தவை 160, 100.

இவற்றில் எது சரி என்பது சரியான கேள்வி அன்று. பி திசையில் தாமிர–ஆக்சிஜன் சங்கிலிகளும் மின்னோட்டத்தைச் சுமப்பதால் அங்கு லாம்டா குறைவு. ஆக்சிஜன் நிறைவு சற்று மாறினாலே சங்கிலிகளின் பங்கு மாறிவிடும். மென்படலத்தில் மின்னேற்றிகளின் சிதறல் அதிகம் என்பதால் லாம்டாவும் அதிகம். எனவே ஓர் எண்ணைக் கண்டால் எந்தத் திசை, என்ன ஆக்சிஜன் அளவு, படிகமா படலமா, எந்த முறை என்ற நான்கையும் கேளுங்கள். நான்கும் இல்லாத எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர் ஒருவர்): தாமிரக் கம்பியில் உயர் அதிர்வெண் மின்னோட்டம் மேற்பரப்பிலேயே ஓடுவதும் இதுவும் ஒன்றா?

பதில்: தோற்றத்தில் ஒன்று, காரணத்தில் வேறு. தாமிரத்தில் அந்த ஆழம் அதிர்வெண்ணைப் பொறுத்தது: 50 ஹெர்ட்ஸில் 9 மில்லிமீட்டர், 1 கிகாஹெர்ட்ஸில் 2 மைக்ரோமீட்டர். மாறாத புலமாக இருந்தால் அது தாமிரத்தை முழுவதும் கடந்துவிடும். மீக்கடத்தியின் ஊடுருவல் ஆழம் மாறாத புலத்துக்கும் அதே அளவுதான்.

கேள்வி (வாசகர் ஒருவர்): ஊடுருவல் ஆழத்துக்கும் மாறுநிலை வெப்பநிலைக்கும் தொடர்பில்லை என்று ஒருபுறம் சொல்கிறார்கள், மறுபுறம் இரண்டும் ஒன்றோடொன்று நேர்விகிதத்தில் இருப்பதாக ஒரு புகழ்பெற்ற படத்தைக் காட்டுகிறார்கள். எது உண்மை?

பதில்: முதல் பதிலில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினேன், எனவே இதற்கு நானே பொறுப்பேற்க வேண்டும். லண்டன் சூத்திரத்தில் தொடர்பில்லை என்பது உண்மை. ஆனால் யசுடோமோ உயெமுராவும் அவருடைய குழுவினரும் 1989இல் பல குப்ரேட்டுகளை மியூவான்களால் அளந்து, துளைகள் குறைவாக உள்ள பகுதியில் மாறுநிலை வெப்பநிலை லாம்டாவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில், அதாவது மீப்பாய்ம அடர்த்திக்கு நேர்விகிதத்தில், கூடுவதைக் காட்டினார்கள். வழக்கமான மீக்கடத்திகளில் இப்படி ஓர் ஒழுங்கு இல்லை.

இதற்கு விக்டர் எமரி, ஸ்டீவன் கிவெல்சன் ஆகியோர் 1995இல் தந்த விளக்கம் இது. மீக்கடத்தலுக்கு இணைகள் உருவாவது மட்டும் போதாது, எல்லா இணைகளின் அலைக்கட்டமும் ஒன்றாகப் பூட்டப்பட வேண்டும். அந்தப் பூட்டின் விறைப்பை நிர்ணயிப்பது மீப்பாய்ம அடர்த்தி. ஈயத்தில் அந்த விறைப்பை வெப்பநிலையாகச் சொன்னால் லட்சக்கணக்கான கெல்வின் வரும். 7 கெல்வினிலேயே இணைகள் உடைந்துவிடுவதால் பூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. குப்ரேட்டில் மீப்பாய்மம் நீர்த்தது என்பதால் விறைப்பு மாறுநிலை வெப்பநிலையின் அளவுக்கே இறங்கிவிடுகிறது. இணைகள் இருந்தும் பூட்டு அவிழ்ந்து மீக்கடத்தல் நின்றுபோகலாம்.

துளைகள் அதிகமாக உள்ள மறுபக்கத்தில் நிலைமை வழக்கமான உலோகங்களைப் போல இருக்கும் என்றே பலரும் நம்பினார்கள். 2016இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இவான் போசோவிச் குழுவினர், அணு அடுக்கு அணு அடுக்காக வளர்த்த 2000க்கும் மேற்பட்ட லாந்தனம்–ஸ்ட்ரான்ஷியம் குப்ரேட் படலங்களில் ஊடுருவல் ஆழத்தை அளந்து, அங்கும் மீப்பாய்ம அடர்த்தி மாறுநிலை வெப்பநிலையோடு சேர்ந்தே தேய்கிறது என்று வெளியிட்டார்கள். துளைகள் கூடும்போது மீப்பாய்மம் குறைவது எவருக்கும் வியப்பளிக்கும். இது வழக்கமான கோட்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று அவர்கள் கருதினார்கள். டி–அலை மீக்கடத்தியில் மாசுகளின் சிதறலைச் சரியாகக் கணக்கிட்டாலே இதே முடிவு வந்துவிடும் என்று வேறு சிலர் எழுதினார்கள். இரண்டாம் தரப்பின் கணக்கில், துத்தநாகம் சேர்த்த படிகத்தில் கண்ட அதே இயற்பியல்தான் வேறு வடிவில் வருகிறது என்பதால் என் சாய்வு அவர்கள் பக்கமே. ஆனால் விவாதம் முடிந்துவிடவில்லை.

கேள்வி (மேற்கண்ட மாணவியே மீண்டும்): படலத்தின் தடிமன் 150 நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் அது மீக்கடத்தியாக இருக்க முடியுமா?

பதில்: தாராளமாக இருக்கும். ஒரே ஓர் அலகுக்கூடு தடிமனுள்ள படலங்களும் மீக்கடத்துகின்றன. புலத்தை மறைக்கும் வேலைதான் கடினமாகும். படலத்துக்குச் செங்குத்தான புலத்துக்கு, லாம்டாவின் வர்க்கத்தை இரட்டித்துத் தடிமனால் வகுத்த நீளமே பயனுறு ஊடுருவல் ஆழம் என்று ஜூடியா பேர்ல் 1964இல் காட்டினார். 5 நானோமீட்டர் படலத்துக்கு அது 9 மைக்ரோமீட்டர். ஓர் அலகுக்கூட்டுப் படலத்துக்கு 38 மைக்ரோமீட்டர்.